அப்பாவின் ராலியும் நான் அடித்த பெயிண்டும்

போன மாதம் ஒரு பழைய சைக்கிள் வியாபாரி வந்தார். திண்ணையோரம் நிற்கும் அப்பாவின் ராலி சைக்கிளைப் பார்த்ததும், "விலைக்குக் கொடுப்பியளா, அண்ணாச்சி?" என்றார். குனிந்து பார்த்தவரின் முகம் சுருங்கியது. "பெயிண்ட் அடிச்சிட்டியளே! பாதி விலைதான் போகும்."

அவர் சொன்னது நியாயம். டயர், செயின், சீட்டு எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். பழைய சைக்கிளில் மாறாதது பிரேம் ஒன்றுதான். இங்கிலாந்தில் நாட்டிங்காமில் செய்தது. எஃகுக் குழாய்களை மூட்டுகளில் செருகிப் பித்தளையால் பற்றவைத்திருப்பார்கள். சேரன்மகாதேவி ரோட்டில் எத்தனையோ நெல் மூட்டை சுமந்தும் அது வளையவில்லை. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. ஆசன்சோலில் சென்-ராலி வந்தது. அதற்குப் பிறகு சீமைச் சைக்கிள் வரத்துக் குறைந்தது. அன்று வந்ததில் மிஞ்சியதுதான் இன்றும் இருக்கிறது.

அசல் என்பதற்குச் சாட்சி, முன்பல்சக்கரத்தில் வெட்டியிருக்கும் நாரைத் தலைகளும், பிரேமில் குத்திய நம்பரும், பழைய பெயிண்டும் அதன்மேல் ஓடும் தங்க நிறக் கோடுகளும்தான். 1988-ல் தங்கை கல்யாணத்துக்கு வீடு வெள்ளையடித்தபோது, சைக்கிளையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பச்சைப் பெயிண்ட் அடித்தேன். கோடுகள் போயின. சிறுவயதில் நான் உட்கார்ந்து உட்கார்ந்து பாரில் விழுந்திருந்த தேய்மானமும் அதோடு போயிற்று. அப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வியாபாரிக்குப் பாதி விலைதான் நஷ்டம்.

நான் விற்கவில்லை. உங்கள் வீட்டிலும் ஒன்று கிடந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். புதுசாக்குகிறேன் என்றும் கிளம்பாதீர்கள். துணியால் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஆற்றங்கரை வரை ஓட்டிப் பாருங்கள். அது போதும்.