மணலில் போட்ட உரம் எங்கே போகிறது?

"ஐயா, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை உரம் போடுகிறேன். தினம் காலையில் அரை மணி நேரம் தண்ணீர் விடுகிறேன். அப்படியும் மிளகாய்ச் செடி மஞ்சளாகத்தான் நிற்கிறது, மத்தியானம் வாடிவிடுகிறது. இன்னும் ஒரு மூட்டை வாங்கிப் போடவா?"

பத்து காஜா பக்கத்து வாசகர் ஒருவர் தொலைபேசியில் கேட்டது இது. வேலை ஓய்வுக்குப் பின் சேமநிதிப் பணத்தில் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். பழைய ஈய லம்ப நிலம். 1985-இல் ஈய விலை சரிந்து லம்பங்கள் மூடப்பட்டபின் கிந்தா வட்டாரத்தில் மிஞ்சியது இந்த மணல்தான்.

மூட்டை வாங்க வேண்டாம், முதலில் மண்வெட்டியை எடுங்கள் என்றேன். தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்துச் செடியருகே குழி தோண்டி, ஈரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். மாலையில் கூப்பிட்டார். இரண்டு அடிக்கும் கீழே ஈரமாம். வேரோ ஒரு சாண் ஆழத்தில் நிற்கிறது.

கணக்கைப் பாருங்கள். மணல் நிலம் ஒரு மீட்டர் ஆழத்தில் செடிக்கு உதவும் நீராகப் பிடித்து வைப்பது சுமார் 60 மில்லிமீட்டர். லம்பத்துப் பருமணல் என்றால் இன்னும் குறைவு. ஒரு சாண் ஆழத்துக்கு 12 அல்லது 13 மில்லிமீட்டர் தேறும். அதில் பாதியைத்தான் செடி சிரமமில்லாமல் உறிஞ்சும். நல்ல வெயிலில் ஒரு நாள் தேவையே 4, 5 மில்லிமீட்டர். ஆக, எவ்வளவு ஊற்றினாலும் அந்தச் சாண் மண் ஒரு நாளைக்குத்தான் தாங்கும். மிச்சம் கீழே ஓடும். ஓடும்போது தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் கூட்டிக்கொண்டு போகும். பிடித்து வைக்கக் களியும் இல்லை, மக்கும் இல்லை. 15:15:15 உரம் 50 கிலோ மூட்டையில் தழைச்சத்து 7.5 கிலோ. அவர் காசில் பெரும்பங்கு இரண்டு அடிக்குக் கீழே கிடக்கிறது.

ஒரு சதுர மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் என்றால் 1 லிட்டர். 10 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலப் பாத்திக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் போதும். ஆனால் ஒரே மூச்சில் விடாதீர்கள். காலை, முற்பகல், பிற்பகல் என்று மூன்றாகப் பிரியுங்கள். சொட்டுக்குழாய் போடுகிறவர்கள் துளை நெருக்கமான குழாயாக, 20 சென்டிமீட்டர் இடைவெளியில் வாங்குங்கள். மணலில் நீர் பக்கவாட்டில் அதிகம் பரவாது, நேரே இறங்கிவிடும்.

உரமும் அப்படியே. இரண்டு வாரத்துக்குப் போடும் அதே அளவை ஏழு பங்காக்கி, இரண்டு நாளுக்கு ஒரு பங்கு கொடுங்கள். குழாய் வழியாகக் கொடுத்தால் முதலில் கொஞ்சம் வெறும் நீர், பிறகு உரநீர், கடைசியில் குழாயைக் கழுவும் அளவுக்கு மட்டும் நீர். உரத்துக்குப் பின் நீண்ட நேரம் நீர் விடுகிறவர் தானே உரத்தைக் கழுவி அனுப்புகிறார். வானம் கறுத்திருக்கும் நாளில் உரம் வேண்டாம். பேராக்கில் ஒரே மழையில் 50 மில்லிமீட்டர் கொட்டுவது அதிசயமில்லை.

மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். அடி இலையில் என்றால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. நுனிக் குருத்தில் என்றால் மண்ணின் புளிப்பு, நுண்சத்து என்று வேறு காரணம் தேட வேண்டும். மண் பரிசோதனை செய்யாமல் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டாதீர்கள்.

இந்த மணலின் உண்மையான குறை மக்கு இல்லாததுதான். மக்கிய கோழி எரு, செம்பனைக் குலைச் சக்கை எது கிடைத்தாலும் பாத்தியில் சேருங்கள். நம் வெயிலில் அது சீக்கிரம் கரைந்துபோகும், ஒவ்வொரு போகத்துக்கும் போட்டுத்தான் ஆக வேண்டும். பச்சை எருவை மட்டும் செடியடியில் வைக்காதீர்கள், வேர் கருகும்.

லம்பக் குட்டை நீரை இறைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கீரைக்கும் சாவிக்கும் விடுமுன் நீரை ஒரு முறை பரிசோதனைக்குக் கொடுங்கள். பழைய சுரங்கத்துக் குட்டைகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை.

எருவை வீட்டிலேயே மக்கவைக்கும் முறையை அடுத்த வாரம் பார்ப்போம்.