தூக்கத் தெரிந்தவனுக்குத் திருப்பத் தெரியவில்லை

ஸ்ரீராம்புரத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. கன்னடத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் உங்களைத் தேடி வருவார்கள். ரேஷன் கார்டு, மின்கட்டண பாக்கி, பள்ளிக்கூடச் சுற்றறிக்கை என்று எதுவாகவும் இருக்கலாம். போன மாதம் வந்தது போலீஸ் நோட்டீஸ். கொண்டுவந்தவர் கார்மென்ட்ஸில் தையல் வேலை பார்க்கும் ஒரு தாய். "பையன் வண்டி ஓட்டினதுக்கு ஃபைன் போலிருக்கு. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சார்."

வெறும் ஃபைன் அல்ல. பையனுக்கு 16 வயது. தும்கூர் சாலையில் ஸ்கூட்டரின் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டியிருக்கிறான். பெங்களூரில் இதற்குப் பெயர் 'வீலிங்'. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி இங்கே பெற்றவரும் குற்றவாளிதான். அபராதம் 25,000 ரூபாய், சிறை மூன்று ஆண்டுகள் வரை. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. எல்லாவற்றையும் தமிழில் சொல்லி முடித்தேன். அந்த அம்மாள் சொன்னது ஒன்றுதான்: "வண்டித் தவணையே இன்னும் முடியலையே சார்."

மாலையில் பையனைக் கூப்பிட்டேன். உபதேசம் செய்தால் எழுந்து போய்விடுவான். அதனால், எப்படித் தூக்குகிறாய் என்று மட்டும் கேட்டேன். முகம் மலர்ந்து செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். எங்கோ வெளிநாட்டு மணல்வெளியில் ஏடிவி என்கிற நான்கு சக்கர வண்டி, பின்சக்கரங்கள் இரண்டில் நிமிர்ந்து நின்றபடி இடமும் வலமுமாக வளைந்து போகிறது. "தூக்கறது வந்துடுச்சு அங்கிள். இந்த மாதிரி திருப்பறதுதான் வரல. ஹேண்டிலை எவ்வளவு ஒடிச்சாலும் வண்டி கேக்க மாட்டேங்குது."

எப்படிக் கேட்கும்? ஹேண்டில் திருப்புவது முன்சக்கரத்தை. தரையைத் தொடாத சக்கரம் எந்தப் பக்கம் பார்த்தால் வண்டிக்கு என்ன? வீடியோவில் இருப்பவர் வண்டியைத் திருப்புவது உடம்பால். போக வேண்டிய பக்கம் இடுப்பையும் தோளையும் சாய்க்கிறார். அவர் கால் பின்பிரேக்கின் மேலேயே இருக்கிறது. முன்பக்கம் அளவுக்கு மீறி எழுந்தால் அதை இறக்குவது அந்த பிரேக்தான். அவருக்குக் கீழே அகலமாக இரண்டு சக்கரங்கள், சுற்றிலும் ஆளில்லாத மணல். நம் பையனுக்கு ஒரே சக்கரம், பக்கத்தில் லாரி. ஹேண்டிலை ஒடித்தபடி முன்சக்கரம் தரையில் விழுந்தால் வண்டி ஒரு பக்கமாக வெட்டி இழுத்து ஆளைத் தூக்கி எறியும்.

அனுபவம் இருந்தாலும் சாலை மன்னிப்பதில்லை. யூடியூபில் லட்சக்கணக்கான ரசிகர்களைச் சேர்த்த டி.டி.எஃப். வாசன் 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கப்போய் விழுந்தார். கை முறிந்தது. கைதானார். லைசென்ஸ் பத்து ஆண்டுகளுக்குப் போயிற்று.

ஜனங்களும் பொறுமையிழந்துவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் இதே தும்கூர் சாலையில், நெலமங்களா பக்கம், வீலிங் பையன்களின் ஸ்கூட்டர்கள் இரண்டை மேம்பாலத்திலிருந்தே கீழே தூக்கிப் போட்டார்கள். இதைத் தடுக்கச் சட்டம் இன்னும் கடுமையாக வேண்டும் என்று 2025-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் சொன்னது.

ஆகட்டும். ஆனால் இப்போது இருக்கிற சட்டமே அந்தத் தாயின் தலையில்தான் இறங்கியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறோம். தூக்குவது வித்தையில் சுலபமான பாதி, இறக்குவதும் திருப்புவதும்தான் மீதி, அதைச் சாலையில் கற்க முடியாது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

நான் சொன்னபோது கவனமாகக் கேட்டான். பிறகு நோட்டீஸைக் கையில் கொடுத்தேன். கன்னடப் பள்ளியில் படிப்பவன், என்னைவிட நன்றாக வாசிப்பான். "இதை நீயே அம்மாவுக்குப் படிச்சுச் சொல்லியிருக்கலாமே, தம்பி?"

"வந்த அன்னைக்கே படிச்சுட்டேன் அங்கிள்" என்றான், தரையைப் பார்த்தபடி.

அடுத்த வாரம் கோர்ட். அம்மாவோடு அவனும் போகிறான். பஸ்ஸில்.