ஷூவைப் பரணில் ஏற்றாதீர்கள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு நம் வீடுகளில் ஒரு காரியம் நடக்கிறது. பிள்ளையின் ஓட்ட ஷூ பரணுக்குப் போகிறது. "ரெண்டே வருஷம். ப்ளஸ் டூ முடியட்டும், அப்புறம் காலேஜில் எவ்வளவு வேணும்னாலும் ஓடிக்கோ" என்கிறோம். மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்று எந்தப் பள்ளி வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்கிறவர்கள் பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அதனால்தான் எனக்குக் கோபம் கூடுதலாக வருகிறது.

மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், ப்ளஸ் ஒன் படிக்கிறாள். 3000 மீட்டர் ஓடுகிறவள். அவளை யாரும் எழுப்புவதில்லை. வீட்டார் தூக்கம் கலையக் கூடாதென்று ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி, வாசலில் உட்கார்ந்துதான் மாட்டுகிறாள். அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். தேதி, தூரம், நேரம். பக்கத்தில் 'வயித்து வலி', 'நல்ல காத்து', 'கடைசி ரெண்டு ரவுண்டு விட்டுட்டேன்' என்று குறிப்புகள். கல்லூரி அணியில் ஓட வேண்டும் என்பது ஆசை. படிக்க இப்படித் தானாக எழுந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்போம். ஓட எழுந்தால் "எதுக்கு இந்த வேண்டாத வேலை" என்கிறோம்.

நெடுந்தூர ஓட்டம், நிறுத்திவிட்டுப் பிறகு விட்ட இடத்தில் தொடரக்கூடிய வேலை இல்லை. பயிற்சியை விட்ட இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தின் நீரளவு குறைகிறது. இதயம் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளும் ரத்தமும் குறைகிறது. மாதக்கணக்கில் விட்டால் தசைகளும் பழகிய திறனை இழக்கின்றன. 16, 17 வயதில் பொறுமையாகச் சேர்த்த கிலோமீட்டர்கள்தான் 20 வயதில் 5000, 10,000 மீட்டரைத் தாங்கும். கல்லூரிகள் செலக்‌ஷன் ட்ரயல்ஸ் வைக்கும் நாளில் ஒன்பதாம் வகுப்பில் வாங்கிய கோப்பையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொரு ரகம் பெற்றோரும் இருக்கிறோம். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 500 இடம், எம்.பி.பி.எஸ்.ஸில் 7 இடம் என்று தெரிந்ததும் "சர்டிஃபிகேட் கிடைக்கும்னா ஓடு" என்று கணக்குப் போடுகிறோம். ஆசையோடு ஓடுகிற பிள்ளைக்கு இதைவிட அவமானம் வேறில்லை. ஒதுக்கீடு கிடைத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் அவள் ஓடுகிறாள் என்று அவளிடமே சொல்லாதீர்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் சாந்தி சௌந்தரராஜனின் பெற்றோர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தவர்கள். ஓடக் கற்றுக்கொடுத்து, முதல் ஷூ வாங்கித் தந்தவர் தாத்தா. அந்தப் பெண் 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் இரண்டாவதாக வந்தார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பிறகு பறித்தார்கள்; அது தனியாகப் பேச வேண்டிய அநியாயம். அதே மாவட்டத்து ஜி. லட்சுமணன் 2017-ல் புவனேஸ்வர் ஆசிய தடகளத்தில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அந்த வீடுகளில் இல்லாத வசதியெல்லாம் நம்மிடம் இருக்கிறது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் பக்கத்தில், கடற்கரை கூப்பிடு தூரத்தில். நாம் கேட்பதோ "ஓடி என்ன ஆகப் போகுது?"

படிப்பு கெடும் என்ற பயம் எனக்கும் புரியும். ஆனால் பிள்ளையின் நாளை ஒருமுறை முழுதாகப் பாருங்கள். இரவு ஒன்பதரைக்கு தி. நகர் டியூஷன் விட்டு வந்து, சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்துப் படுக்கப் பதினொன்றரை. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். தூக்கத்தைத் தின்பது காலை ஓட்டமா, மூன்றாவது டியூஷனா? சென்னை வெயிலில் ஓட்டத்தை விடியலுக்குப் பிறகு தள்ள முடியாது. டியூஷனைக் குறைக்கலாம்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். "கறுத்துடுவே", "காலெல்லாம் முறுக்கேறிடும், நாளைக்கு எவன் கட்டிப்பான்" என்று சாப்பாட்டு மேசையில் பேசுவதை இன்றோடு நிறுத்துங்கள். கவலைப்பட வேறு விஷயம் இருக்கிறது. ஓடுகிற பெண்ணுக்கு இரும்புச்சத்து சீக்கிரம் குறையும். ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பரிசோதித்துப் பாருங்கள். சாப்பாட்டோடு காபி கொடுக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. மூன்று மாதம் மாதவிலக்கு வரவில்லையென்றால் "ஓடறா இல்ல, அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் போங்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு போதாததால் அப்படி ஆகலாம்; எலும்பைப் பாதிக்கும். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இருட்டில் தனியாக அனுப்பப் பயமென்றால் அந்தப் பயம் நியாயம். அப்பாவோ அம்மாவோ சைக்கிளில் பின்னால் போகலாம், எலியட்ஸ் கடற்கரையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தால் போதும். ஸ்டாப் வாட்சைப் பிடுங்கிக்கொண்டு கோச் வேலை பார்க்க வேண்டாம். எவ்வளவு வேகம், எந்த நாள் ஓய்வு என்பதை அவளும் பயிற்சியாளரும் முடிவு செய்யட்டும்.

குறுவட்டப் போட்டி அன்று மாதிரித் தேர்வு வந்து நிற்பது வழக்கம். அப்போது வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள். தேர்வை இன்னொரு நாள் எழுத அனுமதி கேட்டுக் கடிதம் கொடுங்கள். கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள், பிள்ளையைக் கெஞ்ச விடாதீர்கள்.