அட்டைப் பெட்டியும் அன்னை உள்ளமும்



பிலிப்பைன்ஸ் நாட்டிலே ஒரு வீட்டின் வாசற்படியை மிதிப்பவரிடம் முதலில் கேட்கப்படுவது, "சாப்பிட்டாயா?" என்பதே. வீட்டார் உண்டுகொண்டிருக்கும் வேளையில் அயலார் ஒருவர் எட்டிப் பார்த்தால், 'காயின் தாயோ', அதாவது "வாருங்கள், உண்போம்" என்று அழைப்பது அவர்தம் மரபு. பானையில் இருப்பது கருவாடும் வெறுஞ்சோறும் ஆனாலும் அந்த அழைப்பு மாறாது. விருந்தோம்பலை அறமெனப் போற்றும் நமக்கு இது புதிதன்று. ஆயினும், இவ்வளவு அன்போடு அழைத்து உண்ணும் இம்மக்களுள் ஏறத்தாழ 1 கோடிப் பேர், சொந்த அடுப்பையும் சொந்தப் பிள்ளைகளையும் விட்டு அயல்நாடுகளில் வாழ்கின்றனர். அவர்களது அன்றாட வாழ்வையே இம்மாதம் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

7,641 தீவுகளைக் கொண்ட அந்நாட்டு மக்களுக்குக் கடற்பயணம் பழகிய ஒன்று. 1906 ஆம் ஆண்டு டிசம்பரில் 15 தொழிலாளர்கள் ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யக் கப்பலில் சென்று இறங்கினர். அவர்களைத் தொடர்ந்து பல்லாயிரவர் சென்றனர். 1974 இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதை அரசின் திட்டமாகவே ஆக்கிற்று. நாட்டில் வேலையில்லை, அரபு நாடுகளில் எண்ணெய் விலை ஏறியதால் கட்டட வேலை பெருகியது, சில ஆண்டுகளுக்கு மட்டும் எனத் தொடங்கிய அந்த ஏற்பாடு அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. இன்று உலகக் கப்பல்களில் பணிபுரியும் மாலுமிகளில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். மருத்துவமனைகளில் செவிலியராகவும், வீடுகளில் பணிப்பெண்களாகவும், முதியோரைப் பேணுவோராகவும் உள்ளோர் எண்ணற்றோர். ஒப்பந்த வேலைக்குச் செல்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். 2023 இல் இவர்கள் வங்கிகள் வழியாக வீட்டுக்கு அனுப்பிய தொகை 3,300 கோடி டாலருக்கு மேற்பட்டதாகும். 1988 இல் ஹாங்காங் சென்ற குடியரசுத் தலைவர் கொரசோன் அக்கினோ அம்மையார், அங்குப் பணிபுரிந்த பெண்களை நாட்டின் புதிய வீரர்கள் எனப் போற்றினார். ஆனால் வீரர் என்னும் பட்டம், இரவில் தனியே படுத்திருக்கும் ஒரு தாயின் ஏக்கத்தைத் தணிக்குமா?

அந்த ஹாங்காங்கையே பார்ப்போம். அங்கே வெளிநாட்டுப் பணிப்பெண், தன்னை வேலைக்கு அமர்த்தியவர் வீட்டிலேயே தங்கவேண்டும் என்பது 2003 முதல் கட்டாய விதி. அங்குள்ள அடுக்குமாடி வீடுகளோ மிகச் சிறியவை. ஆகவே குழந்தைகளின் அறையிலோ, சமையலறை ஓரத்திலோ பாய் விரித்துப் படுப்போர் பலர். ஏழு நாளுக்கு ஒருமுறை ஒரு முழுநாள் ஓய்வு தரவேண்டும் என்று சட்டம் கூறுகிறது. பெரும்பாலோருக்கு அது ஞாயிற்றுக்கிழமை. அன்று, செல்வர்கள் வாணிகம் புரியும் மத்திய வட்டாரத்தின் தெருக்களும் நடைபாலங்களும் வங்கிக் கட்டடத்தின் தரைத்தளமும் ஆயிரக்கணக்கான பிலிப்பைன்ஸ் பெண்களால் நிறைந்துவிடும். தனக்கென ஓர் அறை இல்லாதவள் வேறெங்கே அமர்வாள்? தரையில் அட்டைகளை விரித்து, காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்வதுபோல் அமர்ந்துகொள்கின்றனர். ஒருத்தி மற்றவளுக்குத் தலை வாருகிறாள்; ஒருத்தி கைப்பேசியில் தன் மகனின் பள்ளிப்பாடத்தைக் கேட்கிறாள். கார்டன் சாலையில் உள்ள புனித சூசையப்பர் ஆலயத்தில் திருப்பலி முடிந்து வருவோர், கொண்டுவந்த சோற்றுப் பாத்திரங்களைத் திறக்கின்றனர். நடைபாதை அக்கணமே ஊராகிவிடுகிறது.

அப்பாத்திரங்களில் இருப்பது என்ன? வினிகரும் சோயாச் சாறும் பூண்டும் மிளகும் பிரிஞ்சி இலையும் சேர்த்துச் சமைத்த 'அதோபோ' என்னும் இறைச்சிக் கறி ஒன்று. வினிகரின் புளிப்பால் அது எளிதில் கெடுவதில்லை. ஆதலின் வழிப்பயணத்துக்கு உகந்தது. பிறந்தநாள் எனில், 'பன்சித்' என்னும் நீண்ட இழைகளாலான உணவு தவறாமல் இடம்பெறும்; இழை நீண்டிருப்பது போல் ஆயுளும் நீளவேண்டும் என்பது வேண்டுதல். 'சினிகாங்' என்பது புளி கரைத்து, மீனோ இறைச்சியோ இட்டு, முள்ளங்கி, வெண்டைக்காய், காராமணிக்காய், தக்காளி சேர்த்துக் காய்ச்சும் புளிச்சாறு. நம் வீட்டுப் புளிக்குழம்பை அறிந்த நாவுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. கோழிச் சாற்றில் அவர்கள் இடும் முருங்கைக் கீரைக்கு அவர்கள் மொழியில் 'மலுங்கை' என்று பெயர். அப்பெயரிலே நம் முருங்கையின் ஒலி கேட்கிறதன்றோ!

குளிர்நாட்டில் பச்சைப் புளியங்காய்க்கு எங்கே போவது? ஆகவே புளிப்பொடிப் பொட்டலங்களைப் பெட்டியில் அடுக்கிச் செல்கின்றனர். இறால் கூழையும் கருவாட்டையும் பன்முறை சுற்றிக் கட்டி எடுத்துச் செல்கின்றனர். ஐரோப்பிய நகரத்துக் குடியிருப்பில் கருவாடு பொரித்தால் அண்டை வீட்டார் முகம் சுளிப்பர். அதனால் சன்னல்களை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு அவசரமாகப் பொரிப்பார்களாம். உணவின்மீது ஏன் இத்துணைப் பற்று என்று நாம் வியக்கலாம். பாலைநிலத்தில் வானத்து மன்னாவை உண்ட இஸ்ரயேல் மக்களும், முன்னர் உண்ட மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதனர் என்று எண்ணாகமம் கூறுகிறது. அது நன்றி கெட்ட முணுமுணுப்பு எனக் கண்டிக்கப்பட்டது உண்மையே. ஆனால் நாடு கடந்து வாழ்பவரின் ஏக்கம் அத்தகையதன்று. அவர் நாடுவது சுவையை மட்டுமன்று. அதை ஊட்டிய கையையே நாடுகிறார்.

கிறிஸ்து பிறப்புக் காலத்திலே இவ்வேக்கம் உச்சநிலையை எட்டுகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைத் திருப்பலி நடைபெறும். 'சிம்பாங் காபி' என வழங்கும் இவ்வழக்கம், வயலுக்குச் செல்லும் உழவர்கள் பொழுது புலருமுன் வழிபடும் பொருட்டு எழுந்தது. திருப்பலி முடிந்து வெளியே வந்தால், மேலும் கீழும் தணல் இட்டு வாழையிலையில் சுடும் 'பிபிங்கா' என்னும் அரிசி அப்பமும், ஊதாநிற அரிசிமாவை மூங்கில் குழாயில் அவித்துத் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் தூவிய 'புத்தோ பும்போங்' என்னும் பண்டமும் காத்திருக்கும். மூங்கில் குழாய்ப் புட்டை அறிந்த நம் தென்கோடிக் குடும்பங்கள் இதைக் கேட்டுப் புன்னகை புரியக்கூடும். அயல்நாட்டிலோ விடியற்காலையில் வேலை அழைக்கிறது. ஆகவே பல நாடுகளில் அதே திருப்பலியை மாலை வேளைக்கு மாற்றிக்கொண்டனர். நேரத்தை மாற்றினர், நவநாளை விடவில்லை. 2019 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் புனித பேதுரு பேராலயத்தில் அம்மக்களோடு இத்திருப்பலியை நிறைவேற்றினார். 2021 மார்ச் 14 ஆம் நாள், அந்நாடு நற்செய்தியைப் பெற்ற 500 ஆம் ஆண்டை நினைவுகூர்ந்த திருப்பலியில், உரோமை வாழ் பிலிப்பைன்ஸ் பெண்கள் வேலைக்குச் செல்லும் இடமெல்லாம் விசுவாசத்தைக் கடத்திச் செல்பவர்கள் என்று அன்போடு நகையாடினார். சுங்கச்சாவடியில் சிக்காத சரக்கு அது!

கடத்தாமல் முறைப்படி அனுப்பும் சரக்கு ஒன்றும் உண்டு. அதுவே 'பாலிக்பாயன்' பெட்டி. 'பாலிக்' என்றால் திரும்புதல். 'பாயன்' என்றால் நாடு. நாடு திரும்புவோருக்கு வரவேற்பும் சலுகையும் அளிக்கும் திட்டம் 1973 இல் தொடங்கிற்று. அதன் வழியே பெட்டிக்கும் அப்பெயர் அமைந்தது. வெறும் அட்டைப் பெட்டியை முதலில் வாங்கி அறையின் மூலையில் வைக்கின்றனர். மாதந்தோறும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, விலை தள்ளும் நாள் பார்த்து, சோப்பு, பற்பசை, துவாலை, டப்பா இறைச்சி, மிட்டாய், பள்ளிக் காலணி என ஒவ்வொன்றாய் வாங்கி அடுக்குகின்றனர். இன்னது இன்னாருக்கு எனப் பெயரும் எழுதி வைப்பர். நிறைந்தபின் கப்பலில் ஏற்றினால் வீடு போய்ச் சேர ஒன்றிரண்டு மாதமாகும். 2015 இல் சுங்க அதிகாரிகள் இப்பெட்டிகளைத் திறந்து சோதிக்கப் போவதாக அறிவித்தபோது உலகெங்கும் வாழ்ந்த பிலிப்பைன்ஸ் மக்கள் கொதித்தெழுந்தனர், அரசு பின்வாங்கியது. சோப்புக்கும் மிட்டாய்க்கும் இவ்வளவு கோபமா? அன்று, பெட்டிக்குள் அவர்கள் அடுக்கியிருந்தது, வீட்டில் இருந்து கொடுக்க முடியாமற்போன தாயன்பை.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். தாயன்பைப் பெட்டியில் அடைத்து அனுப்ப இயலுமா? ரேசல் பரேனாஸ் என்னும் சமூகவியல் அறிஞர், உரோமையிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் பணிபுரிந்த பிலிப்பைன்ஸ் பெண்களைக் கண்டு ஆராய்ந்து 2001 இல் ஒரு நூல் வெளியிட்டார். செல்வர் வீட்டுக் குழந்தையைப் பிலிப்பைன்ஸ் தாய் வளர்க்கிறாள். அவளுடைய குழந்தையை ஊரிலே பாட்டியோ, அவளினும் ஏழையான வேறொரு கூலிப்பெண்ணோ வளர்க்கிறாள். அக்கூலிப்பெண்ணின் குழந்தையை அவளுடைய மூத்த மகள் பார்த்துக்கொள்கிறாள். இவ்வாறு சங்கிலிபோல் நீளும் வரிசையில், தாயைப் பிரிந்த பிள்ளை எப்போதும் கடைசியில் நிற்கிறது.

சங்கிலி அறுந்துபோகும் நேரங்களும் உண்டு. நான்கு பிள்ளைகளின் தாயும் பணிப்பெண்ணுமான ஃபுளோர் கொந்தெம்பிளாசியோன், கொலைக் குற்றம் சாற்றப்பட்டு, 1995 மார்ச் 17 அன்று சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். அவர் குற்றமற்றவர் என நம்பிய நாடே துயரத்தில் ஆழ்ந்தது. அயல்நாடுகளில் உழைப்போரைக் காக்கும் தனிச்சட்டம் அதே ஆண்டில் பிறந்தது. 2021 டிசம்பர் 30 இல் கையெழுத்தான மற்றொரு சட்டத்தால் அவர்களுக்கென ஒரு தனி அமைச்சகமே அமைந்தது. சட்டம் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் பிள்ளைக்குச் சோறூட்டும் கை, சட்டப் புத்தகத்திலிருந்து நீளாதே!

இம்மக்கள் தங்கள் பாதுகாவலராகப் போற்றும் புனித லொரென்சோ ரூயிசும் வீட்டைப் பிரிந்தவரே. மணிலாவின் பினோண்டோ பகுதியில் வாழ்ந்த குடும்பத் தலைவர் அவர். மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தனர். கொலைப்பழி தம்மேல் விழவே, 1636 இல் சாமிநாதர் சபைக் குருக்களோடு கப்பலேறினார். சென்ற இடம் யப்பான். அங்கே கிறிஸ்தவர்கள் கொடுமையாகத் துன்புறுத்தப்பட்ட காலம் அது. 1637 இல் நாகசாகியில் விசுவாசத்தை மறுதலிக்க மறுத்து உயிர் நீத்தார். 1987 இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரே அந்நாட்டின் முதற் புனிதர். செப்டம்பர் 28 அவரது திருநாள். துறவியாக அன்று, பிள்ளைகளின் தந்தையாக அந்நிய மண்ணில் இறந்தவர் என்பதே, தூரத்தில் உழைக்கும் பெற்றோர் அவரை நெருங்கிய உறவினர்போல் அழைப்பதற்குக் காரணமாகும்.

குடும்பத்தாரே, இது வேறொரு நாட்டின் கதை மட்டுமன்று. துபாயில் உள்ள புனித மரியன்னை ஆலயத்தில் பிலிப்பைன்ஸ் மக்கள் வழிபடும் அதே பீடத்தின்முன் நம் தமிழ் மக்களும் தம் மொழியில் திருப்பலி காண்கின்றனர். வெள்ளிக்கிழமையை விடுமுறையாகக் கொண்டிருந்த அந்நாடு, 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறியபின், இரு சாராரும் ஞாயிற்றுக்கிழமையில் ஆண்டவரின் நாளைக் கொண்டாடும் வாய்ப்பைப் பெற்றுள்ளனர். நம் பங்குகளிலும் கணவனை வளைகுடாவிற்கும், மகனைக் கப்பலுக்கும், மகளைச் செவிலியர் பணிக்கும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் எத்தனை!

அத்தகைய வீடுகளுக்கு ஒரு சொல். தொலைவில் இருப்பவர் பேசும்போது, "பணம் எப்போது வரும்?" என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள், "சாப்பிட்டாயா? என்ன சாப்பிட்டாய்?" என்பது முதற் கேள்வியாகட்டும். அனுப்பும் பணம் எவ்வளவு உழைப்பால் வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2024 இல் ஹாங்காங் பணிப்பெண்ணுக்குச் சட்டம் வகுத்த குறைந்த மாதச் சம்பளம் 4,990 ஹாங்காங் டாலர். அதனுள்ளேதான் பள்ளிக் கட்டணமும் மருந்தும் வீட்டுக் கூரையும் பெட்டி நிறைய அன்பும் அடங்கவேண்டும். நம்மவர் அனுப்புவதும் அவ்வாறு நெருக்கிச் சேர்த்ததே. அதைக் கொண்டு ஆடம்பரத் திருமணமும் அளவுக்கு மீறிய மாடியும் எழுப்பிக் கடனாளியானால், உழைப்பவர் ஊர் திரும்பும் நாள் தள்ளிக்கொண்டே போகும். சிக்கனமாகச் செலவிட்டுச் சேமிக்கும் வீடோ, தன் உறவினரை விரைவில் அழைத்துக்கொள்ளும். அவருக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி இதுவே.

அண்டை வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. தாய் அருகில் இல்லாத பிள்ளை உங்கள் தெருவில் இருக்கிறதா? ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அப்பிள்ளையை உங்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்று, உங்கள் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் அமர்த்திப் பரிமாறுங்கள். அங்கே கடலுக்கு அப்பால், யாரோ பெற்ற குழந்தைக்கு அதன் தாய் அதே நேரத்தில் சோறு பிசைந்துகொண்டிருக்கக் கூடும்.