வாடகை அறையா, பெற்றவர் வீடா?

காலை நேரத்தில் பேசின் பிரிட்ஜ் ரயில் நிலையத்திலே சற்று நின்று பாருங்கள். கும்மிடிப்பூண்டிப் பாதையும் அரக்கோணம் பாதையும் சந்திக்கிற இடம் அது. வேலைக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவே, தோளில் பையோடு பிள்ளைகள் நிற்கிறார்கள். துறைமுகத்திலும் பணிமனையிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள். அவர்களில் பலர், தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள்.

இவர்கள் வீடுகளிலே கல்லூரி திறக்கும்போது ஒரு வழக்கு நடக்கிறது.

“நந்தனத்திலே இடம் கிடைச்சிருக்குப்பா. கூட்டாளிங்களோட அங்கேயே ரூம் எடுத்துக்கட்டுமா?” என்கிறான் மகன்.

“ஏன்டா, உனக்கு வீடு இல்லையா?” என்கிறார் தகப்பனார்.

மகனுக்குத் திமிர் என்று சிலர் சொல்வார்கள். தகப்பனாருக்குக் கஞ்சத்தனம் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் தவறு. கணக்கைப் பார்ப்போம்.

மூன்று பேர் சேர்ந்து மாதம் 12,000 ரூபாய்க்கு ஓர் அறை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 4,000. சென்னை வழக்கப்படி பத்து மாத முன்பணம் கேட்டால், ஆளுக்கு 40,000 ரூபாயை முதல் நாளே எண்ணி வைக்கவேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. ஆனால் அதே சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அந்த வரம்பு இல்லை என்றும் சொல்கிறது. பேரம் பேசத் தெரியாத பதினெட்டு வயதுப் பையன் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவான்?

அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம், 2022 செப்டம்பர் 5-ல் நம் வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் வந்தது. நல்ல உதவிதான். புத்தகத்துக்கும் வழிச்செலவுக்கும் ஆகும். ஆனால் மேலே சொன்ன வாடகையில் அது நாலில் ஒரு பங்கு! மீதிக்கு என்ன செய்வான்? இரவெல்லாம் உணவுப் பொட்டலம் சுமந்து தெருத் தெருவாக ஓடுவான். காலை வகுப்பிலே தூங்குவான். படிப்பதற்காக எடுத்த அறை, படிப்பையே விழுங்கிவிடும்.

அப்படியானால் தகப்பனார் வென்றாரா? இல்லை. ஓர் அறை வீட்டிலே ஐந்து பேர். அங்கேயே சமையல், அங்கேயே தொலைக்காட்சி, அங்கேயே படுக்கை. இரவு வேலை முடித்து வந்தவர் தூங்க விளக்கை அணைக்கவேண்டும். தேர்வுக்குப் படிப்பவனுக்கு அதே விளக்கு எரியவேண்டும். மகளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கல்லூரி விட்டு வந்ததும் குடமும் பாத்திரமும் காத்திருக்கின்றன. மகன் கேட்பது அறையை அல்ல தோழர்களே, அமைதியை!

தங்க இடம் இல்லாதவனுக்குப் படிப்பும் இல்லை என்பது இந்த நகரத்தின் பழைய பாடம். வெளியூரிலிருந்து வந்த பார்ப்பனரல்லாத மாணவருக்குத் தங்க இடமும் உண்ணச் சோறும் கிடைக்காத காலத்தில், 1916-ல் திருவல்லிக்கேணியிலே டாக்டர் நடேசனார் திராவிடர் இல்லத்தைத் தொடங்கினார். அன்றைய மாணவனுக்கு நகரத்தில் வீடு இல்லை. இன்றைய நம் பிள்ளைக்கு வீடு இருக்கிறது. வீட்டில் படிக்க இடம் இல்லை.

ஆகவே நாம் சொல்வது இதுதான். தியாகராயர் கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி போலப் பக்கத்தில் இடம் கிடைத்தால் வீட்டிலேயே இருக்கட்டும். ரயிலில் போகும் மாணவிக்குப் பட்டப்படிப்பு வரை சீசன் சீட்டு இலவசம். மாணவனுக்குச் சலுகைக் கட்டணம். கல்லூரியில் சான்று வாங்கினால் போதும். தொலைவு என்றால் முதலில் அரசு விடுதிக்கு மனுப் போடுங்கள். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் உணவும் தங்கலும் இலவசம். வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்கவேண்டும் என்பது விதி. மாணவியருக்கு அந்தத் தூர விதி கிடையாது. இதைப் பெண்ணைப் பெற்றவர்கள் மறக்கக்கூடாது. வாடகை அறை கடைசி வழியாக இருக்கட்டும்.

வீட்டிலிருந்து படிப்பது என்று முடிவானால், தகப்பனாரும் ஒரு விலை கொடுக்கவேண்டும். இரவிலே இரண்டு மணி நேரம் தொலைக்காட்சி மூடியிருக்கட்டும். மகள் புத்தகம் எடுத்தால், குடத்தை மகன் எடுக்கட்டும்.

அதுவும் முடியாத வீடுகளுக்கு? 2024-ல் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில், மாணவர் அமர்ந்து படிக்க இடம் அமைத்தார்கள். அப்படி ஒன்று ஒவ்வொரு பேட்டைக்கும் வேண்டும் என்று கேட்போம். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவேண்டாம். காலையில் பத்திரிகை படித்துவிட்டுப் பூட்டிவிடுகிற படிப்பகங்களும் சங்க அறைகளும் நம்மிடமே இருக்கின்றன அல்லவா? மாலை ஆறு மணிக்கு அந்தப் பூட்டைத் திறப்போம். நாலு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி போதும்.

மகனும் தகப்பனாரும் வழக்காடுவது ஓர் அறைக்காக. அதன் சாவி நம் கையில் இருக்கிறது.