பரிசு பெற்ற பம்பும் வயலில் இறங்கிய காலும்

ஏழை மக்களுக்கும் சிறு வணிகர்க்கும் உதவும் பொருட்டு வடிவமைப்புப் பணி செய்கிறோம் என்று கூறிப் பலர் இந்நாளில் புறப்பட்டிருக்கின்றனர். நோய்த் தடுப்புக்குச் சுவரொட்டி, குடிநீருக்குப் புதுப் பொறி, மளிகைக் கடைக்குப் புதுச் சின்னம் ஆகிய இவையெல்லாம் அவர்தம் கைவேலை. இப்பணியை நாம் வெறுப்பவரல்லேம். ஆனால், அது நன்றா தீதா என்று தீர்ப்புக் கூறும் உரிமை யாருடையது? பணம் ஈந்த சீமானுடையதா? பரிசளித்த சபையுடையதா? அன்றி, அப்பொருளை நாள்தோறும் கையாளும் மனிதனுடையதா?

தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். குழந்தைகள் ஏறிச் சுற்றும் இராட்டினம் ஒன்றை நிலத்தடி நீர் இறைக்கும் பம்புடன் பிணைத்தனர். பிள்ளைகள் ஆடினால் தண்ணீர் மேல்தொட்டிக்கு ஏறும். தொட்டியின் பக்கங்களில் விளம்பரம் வைத்து, அவ்வருவாயால் பழுது பார்க்கலாம் என்பது ஏற்பாடு. ‘பிளேபம்ப்’ என்று பெயரிட்டனர். 2000 ஆம் ஆண்டில் உலக வங்கியின் பரிசு கிடைத்தது. 2006 இல் 1 கோடியே 64 லட்சம் டாலர் கொண்ட கூட்டுத் திட்டம் அமெரிக்காவில் அறிவிக்கப்பெற்றது. 2010க்குள் 4,000 பம்புகள் நாட்டுவது குறிக்கோள்.

விளைந்தது யாது? பிள்ளைகள் இல்லாத வேளையில் பெண்களும் மூதாட்டிகளும் குனிந்து குனிந்து அச்சக்கரத்தைக் கையால் தள்ளினர். பல ஊர்களில் விளம்பரம் தருவாரில்லை. பழுதான பம்புகள் மாதக்கணக்கில் வாளா கிடந்தன. ஒரு பம்பு இத்தனை பேருக்கு நீர் தரும் என்று சொன்னார்களே, அந்த அளவை எட்டப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் ஆடவேண்டும் என்று 2009 இல் ‘கார்டியன்’ பத்திரிகை கணக்கிட்டது. நாளுக்கு உள்ளதோ 24 மணி! இதை எண்ணிப் பார்க்க மேதைமை வேண்டுமா? குடமேந்தி வரும் ஒரு தாயிடம் முன்னதாகக் கேட்டிருந்தாற் போதாதா?

இனி இந்தியாவின் ஜெய்ப்பூருக்கு வருவோம். காலிழந்தோர்க்கு அந்நாளில் கிடைத்த மேல்நாட்டுச் செயற்கைக் கால், பூட்சு அணிந்து நாற்காலியில் அமர்வோர்க்கென அமைந்தது. அதைக் கொண்டு சம்மணமிட்டு உட்கார முடியாது, குந்த முடியாது, வெறுங்காலுடன் சேற்றில் இறங்க முடியாது. உழவனுக்கு அதனால் யாது பயன்? 1968 அளவில் ராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து, ரப்பரால் புதிய பாதம் ஒன்றை உருவாக்கினர். அது வளைந்து கொடுத்தது, வயலிலும் இறங்கிற்று. மலிந்த விலையில் உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யவும் செப்பனிடவும் முடிந்தது. நம் முன்னோர் இம்மலை நாட்டில் வைகறையில் எழுந்து வடித்த அதே ரப்பர்தான்! பள்ளிப் படிப்பு அதிகமில்லாத சர்மாவின் கைத்திறனும் மருத்துவரின் கல்வியும் கூடியதால் விளைந்த நன்மை அது. ஆயினும், 1981 இல் மகசேசே பரிசு மருத்துவர்க்கே வந்தது. மருத்துவர் அதற்குத் தகுதியுடையவரே. கைவினைஞரின் பெயரை உலகம் அறியாதது ஏன் என்பதே நம் கேள்வி.

சித்திரத்துக்கும் நியாயம் இதுவே. 1951-52 இல் சுதந்திர இந்தியா முதற் பொதுத் தேர்தலை நடத்தியபோது, எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேரே. ஆகவே கட்சிகளுக்குச் சின்னங்கள் வகுத்து, வாக்குப் பெட்டிகளின் மீது ஒட்டினர். காங்கிரசுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை. அதனைக் கண்ட குடியானவனுக்கு விளக்கவுரை வேண்டியிருந்ததா? இல்லை. அதில் அலங்காரம் இல்லை, அறிவு இருந்தது.

உதவ வந்தவரைக் குறை சொல்வது நன்றியின்மை என்பாருமுளர். நல்லெண்ணம் குடத்தை நிரப்பாது என்பதே நம் விடை. அழகு வேண்டாவோ என்பாருமுளர். வேண்டும், ஆனால் அழகு பொருளின் வேலையைத் தடுக்கலாகாது. நம்மூர் மிளகாய்த்தூள் பொட்டலத்தைப் பாருங்கள். பெயரைச் சுற்றிப் பூவேலை. பயன்படுத்தும் முறையோ கண்ணாடி அணிந்தும் படிக்கவியலாத பொடி எழுத்து! இதற்கும் சிறு வியாபாரி தன் முதலிலிருந்தன்றோ கூலி தருகிறான்?

பால் மரம் வெட்டியவரைக் கேளுங்கள். கத்தி ஆழமாய்ப் போனால் மரத்துக்குக் காயம். மேலோடு போனால் பால் குறையும். கத்தியின் குணம் அதைப் பிடித்த கைக்குத் தெரியுமேயன்றி, விலைப்பட்டியலில் அதைக் கண்ட துரைக்குத் தெரியாது.

ஆதலின் வடிவமைப்போரே, ஒன்று செய்யுமுன் பயன்படுத்துவோரிடம் சென்று கேளுங்கள். ஆயிரம் செய்யுமுன் ஒன்றைச் செய்து அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். பழுதானால் அவ்வூரிலேயே யார் சீர்செய்வார் என்று முதலிலேயே தீர்மானியுங்கள். உடன் உழைத்த கைவினைஞனுக்குக் கூலியும் கொடுங்கள். அவன் பெயரையும் போடுங்கள்.

தோழர்களே, நமக்கென்று சொல்லி எவர் எதைக் கொண்டுவந்தாலும், கைதட்டுமுன் கையிலெடுத்துப் பாருங்கள். உதவாததாயின், உதவாது என்று வாய் திறந்து சொல்லுங்கள். தீர்ப்புக் கூறும் உரிமை உங்களுடையது. அதைப் பிறருக்கு விட்டுக் கொடாதீர்கள்.