ஃபிராங்கன்ஸ்டைன் கதையில் உண்மையான குற்றவாளி யார்?

'ஃபிராங்கன்ஸ்டைன்'னு சொன்னதும் தையல் போட்ட முகத்தோட ஒரு அரக்கன்தானே ஞாபகம் வருது? உண்மையில் அது அவனை உருவாக்கிய விக்டரின் குடும்பப் பெயர். 1818-ல் வெளியான மேரி ஷெல்லியின் நாவலில் அந்தப் படைப்புக்குப் பெயரே கிடையாது.

அது கண் திறந்ததுமே விக்டர் அருவருத்து ஓடிவிடுகிறான். சரி, அது பிறவியிலேயே கொடூரமானதா? இல்லை. ஒரு ஏழைக் குடும்பத்தை மறைந்திருந்து பார்த்தே பேசக் கற்கிறது. ராத்திரியில் அவர்களுக்காக விறகு சேர்த்து வைக்கிறது. ஆனா உருவத்தைப் பார்த்ததும் அடித்து விரட்டுகிறார்கள். ஆற்றில் விழுந்த சிறுமியைக் காப்பாற்றினால், பரிசு துப்பாக்கிக் குண்டு.

அதன் பிறகுதான் விக்டரின் குட்டித் தம்பியை அது கொல்கிறது. அதை நியாயப்படுத்தவே முடியாது. ஆனா பழி விழுவது வேலைக்காரப் பெண் ஜஸ்டின் மேல். கொன்றது யார்னு தெரிஞ்சும் விக்டர் வாயைத் திறக்கலை. அவள் தூக்கிலிடப்படுகிறாள்.

எனக்கு நாவலில் மிகப் பெரிய குற்றமாகப் படுவது இந்த மௌனம்தான். பிள்ளையோ, ஏஐ-யோ, உருவாக்கியவர் கைகழுவினால் அதற்கு விலை கொடுப்பது சம்பந்தமே இல்லாத ஜஸ்டின்கள்.